முதல் பொய் இலவசம்

தொலைபேசியை எடுத்தது நான்தான். சோதனைக்கூடத்தில் அதிர்வு மேசை ஓடிக்கொண்டிருந்ததால் எதிர்முனையில் பேசியவர் கத்த வேண்டியிருந்தது. "சாரே, தாணு சார் போயி."

"எங்கே? நாகர்கோவிலுக்கா?" என்று கேட்டேன்.

மஞ்சள்காமாலை என்று தாணு சில வாரங்களாக விடுப்பில் இருந்தான். கீழாநெல்லி கொடுக்கும் வைத்தியரைப் பார்க்க ஊருக்குப் போகச் சொல்லி வீட்டில் நச்சரிக்கிறார்கள் என்று அவனே சொல்லியிருந்தான். அதனால்தான் அப்படிக் கேட்டேன். அவர் அதையே மறுபடியும் கத்தினார். பிறகுதான் அந்தப் 'போயி' ஊருக்குப் போன 'போயி' அல்ல, செத்துப்போன 'போயி' என்று எனக்கு உறைத்தது. இத்தனை வருடம் திருவனந்தபுரத்தில் இருந்தும் மலையாளம் என் மண்டையில் ஒரு நொடி தாமதமாகத்தான் ஏறுகிறது. இந்தத் தாமதத்தைப் பற்றிக் கடைசியில் இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்குத் தாணுமாலயனைப் பற்றி எழுதும்படி செயலாளர் செல்லையா அண்ணாச்சி கேட்டார். ஏன் நான் என்றேன். "அவர்கூட நெறையச் சண்டை போட்டது நீங்கதான சார்" என்றார். சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை நடத்துகிறவர், சரக்கைத் தட்டிப் பார்க்காமல் எடுக்க மாட்டார். சரி என்றேன். அவனை 'அவன்' என்றே எழுதப்போகிறேன். ஒரே வயது, ஒரே நாளில் ஒரே ராக்கெட் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். 'அவர்' என்று எழுதினால் அவனே சிரிப்பான்.

முதலில் ஒன்றைப் பதிவுசெய்துவிடுகிறேன். மாதக் கடைசி ஞாயிறு சங்கத்தில் படம் போட்டபின் அதிலுள்ள அறிவியல் சரியா தப்பா என்று பேசும் வழக்கத்தைத் தொடங்கியது நான். தாணு அல்ல. பலர் அவன் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். விண்வெளிப் படம் ஓடினால் பக்கத்தில் இருப்பவர்கள் எல்லாம், "சார் ராக்கெட் ஆபீஸ்தான, இது நெசமா?" என்று என்னைத் துளைத்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துப்போய்க் கரும்பலகை வாங்கி மாட்டச் சொன்னேன். அந்தப் பலகை என் யோசனை.

முதல் கூட்டம் சிலருக்கு நினைவிருக்கும். நிலாவுக்குப் போகிற ஆங்கிலப் படம் ஒன்று. கலம் வெற்றிடத்தில் உறுமிக்கொண்டே போகிறது; எரிபொருளை எங்கே வைத்திருக்கிறார்கள் என்றே தெரியவில்லை; போகிற வேகத்தில் கார் மாதிரி சட்டென்று திரும்புகிறது. ஒவ்வொன்றும் ஏன் நடக்காது என்று சமன்பாட்டோடு எழுதிக் காட்டினேன். எழுதி முடித்துத் திரும்பினால் அண்ணாச்சி எழுந்து நிற்கிறார்.

"அப்பம் படம் நல்லா இல்லையா சார்?"

"தப்பான படம்" என்றேன்.

பாதிப் பேர் அந்தப் படத்தை ரசித்திருந்தார்கள். அப்போது பின்வரிசையிலிருந்து தாணுவின் குரல் வந்தது. "ஓய், நீரு எழுதினது அத்தனையும் சரியாக்கும். ஆனா பாவம், டிக்கெட் எடுத்து வந்த மனுசனுக்கு எல்லாத்தையும் பிடுங்கிட்டு அனுப்பக் கூடாது. முதல் பொய் இலவசம்னு வச்சுக்கிடுவோம். நிலாவுக்கு மூணு பேரு பீரங்கி மாதிரி ஒரு குழாயில போறானா, போகட்டும், சும்மா விடுகேன். ஆனா ரெண்டாவது பொய்யில இருந்து காசு கேப்பேன்."

சிரிப்பு அடங்கச் சற்று நேரம் ஆயிற்று. முதல் பொய் இலவசம். யோசித்துப் பாருங்கள், பொறியியலிலும் இதைத்தான் செய்கிறோம். ஒன்றை அனுமானித்துக்கொண்டு, அதற்குப் பிறகு எல்லாம் அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்கிறோம். எனக்குத் தெரியாத விஷயம் எதையும் அவன் சொல்லவில்லை. அந்த வாக்கியம்தான் எனக்கு வரவில்லை. அடுத்த மாதத்திலிருந்து நான் பேசி முடித்ததும் எல்லாரும் பின்வரிசையைத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள். அதற்கடுத்த மாதம் அவனுக்கும் மேடையில் ஒரு நாற்காலி போட்டார்கள்.

இன்னொரு படம். விண்கலத்துக்குள் எடை இல்லை என்று காட்ட ஒரு பேனாவை மிதக்கவிட்டிருந்தார்கள். கதாநாயகியின் கூந்தல் மட்டும் தோளில் அழகாக வழிந்துகிடந்தது. இடைவேளையில் தாணுவிடம் இதைச் சொன்னவன் நான். மேடையில் முதலில் சொன்னவனும் நான்: "தடையற்ற வீழ்ச்சி நிலையில் கூந்தல் கீழ்நோக்கித் தொங்குவதற்கு விசை கிடையாது." யாரும் அசையவில்லை. அடுத்து அவன் எழுந்தான். "பேனாவுக்கு இல்லாத எடை அந்தப் பொண்ணு தலைமுடிக்கு மட்டும் எங்கேருந்து வந்து? பேனாவை மிதக்க வச்ச முதல் பொய்யை அவனே மறந்துபோட்டான்." கைதட்டல். என் மனைவியும் கைதட்டினாள். வீட்டுக்கு வரும் வழியில், பழவங்காடி தாண்டி பஸ்ஸுக்கு நிற்கும்போது, "தாணு அண்ணன் எவ்வளவு நுணுக்கமாப் பாக்காங்க!" என்றாள். நான் பஸ் நம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால், "தாணு அண்ணன் வர்றாங்கதான?" என்று கேட்டுவிட்டுத்தான் அவள் புடவை மாற்றுவாள்.

அப்புறம் அந்த அணை உடையும் படம். அது வெயில்காலம். சங்கக் கட்டிடத்தை ஒட்டிய சந்தில் முனிசிபாலிட்டிக் குழாய் இருக்கிறது. சில நாட்களாக அதில் ஒழுங்காகத் தண்ணீர் வரவில்லை. சந்து முழுக்கக் குடங்கள் வரிசையில் காத்துக்கிடந்தன. உள்ளே படம் முடிந்து நான் பேசிக்கொண்டிருந்தேன். படத்தில் அணை உடைந்து வந்த அலை மாதாகோவில் மணிக்கூண்டுக்கு மேலே எழும்புகிறது. அவ்வளவு தூரம் பரவி வந்த நீருக்கு அந்த உயரம் இருக்கவே முடியாது, முழங்கால் அளவு வந்தால் பெரிது என்று எழுதிக் காட்டினேன். அன்று நன்றாகப் பேசினேன். அதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது, வேறு யாரும் சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்துச் சந்திலிருந்து ஒரு பெண் குரல் பெரிதாக எழுந்தது. "வெள்ளம் வந்நே! ஓடி வரணே! வெள்ளம் வந்நு!"

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். இந்த ஊரில் வெள்ளம் என்றால் குழாய்த் தண்ணீர். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் வாளி எடுக்க வாசலுக்குப் பாய்ந்தார்கள். கட்டிட வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அந்த வாரம்தான் வந்திருந்த சிலர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடினார்கள். நடுவில் இரண்டு கூட்டமும் மோதி நாற்காலிகள் சரிந்தன. அண்ணாச்சி ஒரு பெஞ்சின் மேல் ஏறி நின்று, "எந்த வெள்ளம்? எந்த வெள்ளம்?" என்று கத்திக்கொண்டிருந்தார். இப்போதும் சங்கத்தில் யாராவது அவசரப்பட்டால் சொல்கிறோமே, 'எந்த வெள்ளம்?' என்று, அது அன்று பிறந்தது.

அடுத்த மாதம் தாணு பேசியதுதான் அவன் பேச்சுகளிலேயே சிறந்தது. இதை மறுக்க என்னால் முடியாது. எத்தனையோ முறை முயன்று பார்த்துவிட்டேன்.

"அலை எத்தனை அடி வரும்னு நம்ம சாரு கணக்குப் போட்டாரு, அது சரி. நான் ஓடுகவனைப் பாக்கேன். அந்தப் படத்துல ஊரு முழுக்க ஒரே திசையில ஓடுகு. ஒருத்தனும் ஒண்ணும் தேடல்ல. போன மாசம் இங்க, மாடிப்படிப் பக்கம் ஒரு ஆளைப் பாத்தேன். வெள்ளம்னு கேட்டதும் மொட்டைமாடிக்கு ஒரே ஓட்டம். பாதிப் படி ஏறினவரு நின்னாரு. திரும்பி இறங்கினாரு. எதுக்கு? செருப்புக்கு! புதுச் செருப்பு. ரெண்டையும் கையில எடுத்துக்கிட்டு மறுபடி ஏறினாரு. உயிரு போற நேரத்துல மனுசன் செருப்புத் தேடுவான் ஓய். எந்தப் படத்துலயாவது ஒருத்தன் செருப்புத் தேடுகானா? தேடினா அந்தப் படத்தை நான் நம்புகேன். அலை மணிக்கூண்டுக்கு மேல வந்தாலும் நம்புகேன்."

கூடம் அதிர்ந்தது. கண்ணில் நீர் வரச் சிரித்தவர்களில் என் மனைவியும் ஒருத்தி. கூட்டம் முடிந்ததும் அவனிடம் போய், "யாரண்ணே அந்த ஆளு?" என்று கேட்டாள்.

"அவரு ஊருக்குப் போயிட்டாரு தங்கச்சி" என்றான்.

அன்றிலிருந்து 'செருப்பு தேடல்ல' என்பது நம் சங்கத்தில் ஒரு தீர்ப்பாகிவிட்டது. பூகம்பப் படமோ, எரிகல் விழுகிற படமோ, தீப்பிடித்த கட்டிடமோ, படம் முடிந்து வெளியே வரும்போது குழந்தைகள்கூட, "செருப்பு தேடல்லப்பா" என்று உதட்டைப் பிதுக்கின. என் சமன்பாடுகளைக் கேட்க ஒருவரும் மிச்சமில்லை. நான் பலகையில் எழுதும் நேரத்தை வெளியே போய்த் தேநீர் குடிக்க வைத்துக்கொண்டார்கள். தாணு மட்டும் உட்கார்ந்து கடைசி வரி வரை பார்ப்பான். ஒருமுறை ஒரு குறியைத் தவறாகப் போட்டுவிட்டேன். கூட்டம் கலைந்தபின், யாருக்கும் கேட்காமல், "மூணாவது வரியில மைனஸ் ஓய்" என்றான். எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தால் நிம்மதியாக அவனை வெறுத்திருக்கலாம்.

அவன் போனபின் நடந்த முதல் கூட்டத்தில் என்னைத் தனியாகப் பேசச் சொன்னீர்கள். மேடையில் ஒரே நாற்காலி. இத்தனை நாள் நான் கேட்டது அதுதான். "தாணு என் உயிர் நண்பன்" என்று ஆரம்பித்தேன். படத்தைப் பற்றி ஏதோ சொன்னேன். கேள்வி நேரத்தில் அண்ணாச்சி எழுந்தார்.

"சார், அந்தச் செருப்பு ஆளு கதையை ஒருக்கச் சொல்லுங்க. தாணு சார் ஞாபகமா."

சொன்னேன். அவன் சொன்ன அதே வரிசையில்தான் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. கடைசியில் எரிச்சலோடு, "அந்த ஆள் நான்தான்" என்றேன்.

அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதுக்கும் பங்கு கேக்கியளா சார்? அலை முழங்காலுக்கு மேல வராதுன்னு போர்டுல எழுதின கையோட நீங்க மாடிக்கு ஓடினியளா? ஆபீஸ் கேன்டீன்ல தெனமும் வெள்ளம் வாங்கிக் குடிக்குத ஆளு நீங்க. நம்புத மாதிரியா இருக்கு?" கொஞ்சம் நிறுத்தினார். "தாணு சார் உயிர் நண்பன்னு சொன்னீங்க. அது முதல் பொய், போட்டும், இலவசம். இது ரெண்டாவது."

கூடமே வெடித்துச் சிரித்தது. அந்த மேடையில் என் பேச்சுக்கு விழுந்த ஒரே சிரிப்பு அது. அதுவும் அவன் வாக்கியத்துக்கு.

அண்ணாச்சி, இதை அச்சிலும் சொல்கிறேன். ஓடியது நான். வெள்ளம் என்ற சொல்லுக்கு இங்கே என்ன அர்த்தம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் நான் பிறந்த தெரு தாமிரபரணிக் கரையில் இருக்கிறது. அங்கே அந்தக் குரலில் அந்தச் சொல் கேட்டால் யோசிப்பதற்கு முன் கால் போய்விடும். அர்த்தம் வந்து சேர்ந்தபோது நான் மொட்டைமாடிக் கதவைத் தள்ளிக்கொண்டிருந்தேன், இரண்டு கையிலும் செருப்பு. நீங்கள் எல்லாரும் வாசலில் மோதிக்கொண்டிருந்தீர்கள். மேடைக்குப் பின்னால் இருக்கிற படியைப் பார்த்தது தாணு மட்டும். கீழே நின்று சிரிக்காமல் சொன்னான்: "இறங்கி வாரும் ஓய். குழாயில தண்ணி வந்திருக்கு." நான் கீழே போட்டுவிட்டுப் போன சாக்பீஸை எடுத்துத் துடைத்து என் கையில் கொடுத்தான். சாகும்வரை என் பெயரை யாரிடமும் சொல்லவில்லை. மனிதர்களைக் கவனிக்கிறவன் என்று இந்த ஊரே அவனைக் கொண்டாடியதே, அவன் கவனித்த மனிதன் நான். ஓட்டம் என்னுடையது, பேர் அவனுக்கு. இன்றைக்கும் இது எனக்கு ஆறவில்லை.

அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு கெட்ட பழக்கம். எந்தப் படத்தில் எது இடிந்து விழுந்தாலும் நான் இப்போது அலையைப் பார்ப்பதில்லை, எரிமலையைப் பார்ப்பதில்லை. ஓடுகிறவர்களின் காலைப் பார்க்கிறேன். கணக்குப் போட வேண்டிய நேரத்தில் செருப்புத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அண்ணாச்சி இரண்டாவது பொய் என்றது பொய்யல்ல. முதலாவதும் பொய்யல்ல என்று எழுதிக்கொண்டு வரும்போது தோன்றுகிறது. பலகையில் எழுதி நிரூபிக்க என்னால் ஆகாது. இரண்டுக்கும் சாட்சி ஒருவன்தான் இருந்தான்.

சாட்சி போயி.