யாரும் உப்புப் பார்க்காத கறி

எங்கள் வீட்டில் வருடத்தில் ஒருநாள் வைக்கும் ஆட்டுக்கறிக்கு மட்டும் யாரும் உப்புப் பார்க்கக்கூடாது. அது பெரியம்மாவின் நாள். பெரியம்மா என்றால் அப்பாவின் முதல் மனைவி. அவர்கள் இறந்து இரண்டு வருடம் கழித்துத்தான் அப்பா என் அம்மாவைக் கட்டினார். அம்மா அவர்களைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் அவர்களுக்கு வருடாவருடம் கறி வைப்பது அம்மாவின் வேலை. இறந்தவர்கள் வாய் வைத்த பிறகுதான் இருப்பவர்கள் ருசி பார்க்கலாம்.

எனக்கு எட்டு வயதான வருடம் அம்மாவுக்கு ஆறு மாதம். எனக்குப் பிறகு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போய்விட்டன. அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, அதற்கான காரணத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

"அவளுக்கு மனசு ஆறல்ல பிள்ளே. ஒரு பிள்ளையக் கொஞ்சாம போனவளாக்கும். இந்தத் தடவ கறியில ஒரு கொறையும் வரப்பிடாது, கேட்டியா?"

"செரி மைனி" என்றாள் அம்மா.

அப்பா காலையிலேயே இளங்கறியைத் தேக்கிலையில் பொதிந்து வாங்கி வந்தார். அம்மா தேங்காயையும் சின்ன உள்ளியையும் சிவக்க வறுத்து, மல்லி, வற்றல், நல்லமிளகு, பெருஞ்சீரகம் சேர்த்து அம்மியில் அரைத்தாள். வயிறு இடித்ததால் ஒருபக்கமாகச் சரிந்து உட்கார்ந்து அரைத்தாள். மண்சட்டியில் கறி வெந்து வாசம் எழுந்தபோது எனக்கு வாயூறியது. அம்மா கல்லுப்பை அள்ளி, கையைச் சட்டிக்கு மேலே வைத்துக்கொண்டு யோசித்தாள். கொஞ்சத்தைத் திரும்ப உப்பு வைக்கும் மரவையிலேயே போட்டாள்.

"போருமா மக்கா?"

எனக்கு என்ன தெரியும்? தலையாட்டினேன். அம்மா மிச்சத்தைச் சட்டியில் போட்டுக் கிளறி மூடிவிட்டு, வாழையிலையைக் கழுவக் கிணற்றடிக்குப் போனாள்.

ஈர விறகு. அடுக்களை முழுக்கப் புகை. பின்வாசல் வழியாக அம்மாவின் முதுகு தெரிந்தது. தெற்கு அறையைப் பெருக்கியபடி அத்தை முனகுவது கேட்டது. அப்பா முற்றத்தில் இருமினார். அப்போது புகைக்குள் ஒரு கை வந்து சட்டியின் மூடியைத் தூக்கியது. உப்பு மரவை கல்லில் உரசிய சத்தம் கேட்டது. குழம்பில் பொலபொலவென்று ஏதோ விழுந்தது. மூடி திரும்பவும் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. நான் கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தபோது அடுப்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அம்மா இன்னும் கிணற்றடியில்தான் நின்றாள்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. சாதாரண விஷயத்தைச் சொல்லவே எனக்கு நாக்கு எழும்பாது.

தெற்கு அறையில் இலை போட்டு, சோறும் கறியும் விளம்பி, செம்பில் தண்ணீர் வைத்து, விளக்கேற்றிக் கதவைச் சாத்தினார்கள். நாங்கள் நான்கு பேரும் வெளியே நின்றோம். நல்ல நடுப்பகல். கோழிகூடக் கத்தவில்லை. உள்ளே இலை அசைவதுபோல ஒரு சத்தம்.

"வந்துட்டா" என்று அத்தை கிசுகிசுத்தார். அம்மா இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டாள்.

கதவைத் திறந்தபோது எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. ஒரு துண்டு குறைந்திருப்பதாக அத்தை மட்டும் சொன்னார். பிறகு குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்தவர் அப்படியே துப்பினார்.

"எம்மாடி! கன்னியாகுமரிக் கடலயே கோரி ஊத்தினியாட்டி? அவ மொகத்தத் திருப்பிட்டுப் போயிருப்பா. இனி இந்த வயிறு…"

"ஒரு கைதான் மைனி போட்டேன். மக்கா, நீ பாத்தல்லா? சொல்லு."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்பா அந்த இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தின்றார்.

"கொள்ளாம், நல்லாருக்கு" என்றார். "அவ வச்சா இப்பிடித்தான் இருக்கும்."

அத்தை வாயைப் பிளந்தார். "நேருதாம்பிலே, நெசந்தான். அவ எப்பவும் ரெண்டு கல்லு கூட்டித்தான் போடுவா. அப்ப அவளே வந்து கைவச்சிருக்கா!" என்று அழுதுகொண்டே அம்மாவின் கன்னத்தைத் தடவினார். "இனி உன் பிள்ளைக்கு ஒண்ணும் வராது பாத்துக்க."

நான் அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அம்மா சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அவள் அப்பா இலையை வழித்து நக்குவதைப் பார்த்தபடி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தங்கச்சி மார்கழியில் நல்லபடியாகப் பிறந்தாள். அதன்பிறகு எப்போது கறி வைத்தாலும், அப்பா முதல் வாயை விழுங்கும்வரை அம்மா அங்கிருந்து நகரமாட்டாள். "கொள்ளாம்" என்பார் அப்பா. அப்போதும், அன்றைக்குப்போலக் கண்ணை மூடுகிறாரா என்று பார்ப்பதுபோல, அவர் முகத்தையே கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நிற்பாள். பிள்ளைக்காகப் பெரியம்மாவுக்குப் பயப்படுகிறாள் என்று நான் நினைத்தேன். தங்கச்சி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் ஏன் நிற்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. எனக்குக் கல்யாணமாகியும் கொஞ்சநாள் புரியவில்லை.