சுவருக்கு அந்தப் பக்கம்

இதில் ஒரு சொல்கூடக் கற்பனை இல்லை. அன்று திரும்பும் ரயிலிலேயே தேதி, மணி எல்லாம் குறித்து வைத்தேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

1965 நவம்பர். ஜெர்மனியில், ஆஹென் நகரில் சுரங்கப் பொறியியல் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரும் தங்கச் சுரங்க ஊர்தான். அண்ணன் நடேசன் சுரங்கத்தில் இறங்கித்தான் என்னைப் படிக்க வைத்தார். ஏழாம் தேதி தந்தி வந்தது. ஐந்தாம் தேதி பாறை சரிந்து அண்ணன் இறந்துவிட்டாராம். உடலை எடுக்க முடியவில்லை. ஊருக்குப் போக எனக்கு வழியில்லை. அழுகையும் வரவில்லை. வகுப்புக்குப் போனேன், சாப்பிட்டேன், தூங்கினேன்.

பக்கத்து அறை சேஷாத்ரிக்குத்தான் பொறுக்கவில்லை. பதினான்காம் தேதி, ஞாயிறு, விடியும் முன்பே என்னை ரயிலேற்றினான். ஹெஸ்ஸன் மலைப்பக்கம் ஏதோ ஒரு பழைய ஊர். இறங்கிப் பார்த்தால், அங்கேயும் ஒரு தங்கச் சுரங்கம். மூடி நூறு வருஷத்துக்கு மேலாகிவிட்டது; இப்போது சுற்றிப் பார்க்க மட்டும் திறந்து வைத்திருந்தார்கள்.

"சாரிடா கோபாலா, சத்தியமா எனக்குத் தெரியாது. திரும்பிடலாம்."

"வந்தாச்சு. உள்ளே போவோம்."

ஏன் அப்படிச் சொன்னேன், தெரியாது.

மாலை 3.05. வழிகாட்டிக் கிழவர் விளக்கோடு முன்னால் நடந்தார். கடுங்குளிர். விரல்கள் மரத்துப்போயின. கடைசியில் ஒரு பாறைச் சுவர்.

"பாதை இதோடு முடிகிறது. இதற்கப்பால் வெறும் மலைதான்" என்றார் ஜெர்மனில்.

3.22.

டொக்... டொக்... டொக்...

"தண்ணி சொட்டுதுடா" என்றான் சேஷாத்ரி.

சுவரில் கை வைத்தேன். சுட்டது. கிழவரும் தொட்டுப் பார்த்தார். சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

டொக்... டொக்... டொக்...

கீழே கிடந்த ஒரு கல்லை எடுத்தேன். மூன்று முறை தட்டினேன்.

நின்றுவிட்டது.

பிறகு...

டொக்டொக்டொக். டொக்டொக்டொக். வேகமாக... விடாமல்...

"போலாம்டா... ப்ளீஸ்..."

கிழவர் விளக்கோடு வாசல் பக்கம் திரும்பினார்.

நான் கல்லைக் கீழே போட்டேன். திரும்பி நடந்தேன்.

வாசல்வரை கேட்டது.

3.31. வெளியே வெளிச்சம். எனக்குப் பயமில்லை. எதுவுமே இல்லை.

டிசம்பர் முதல் வாரம் பாமா அண்ணியிடமிருந்து கடிதம் வந்தது.

"பதினாறாம் தேதிதான் உங்க அண்ணனை வெளியே எடுத்தாங்க. பாறைக்குப் பின்னால ஒரு சின்ன சந்துல உட்கார்ந்த மேனிக்கே இருந்தாராம். உடம்பு கெடவே இல்ல. உயிர் போய் ரெண்டு நாளுக்கு மேல இருக்காதுன்னு டாக்டர் சொல்றார். வலது கையில ஒரு கல்லை இறுக்கிப் பிடிச்சிருந்தார். விரலைப் பிரிக்க முடியல. அதோடவே அடக்கம் பண்ணிட்டோம்."