நாலு பலகையில் பியூஸ் இல்லை

பத்தாம் வகுப்பு முடிவு வந்த அன்று என் மகள் மதிப்பெண்ணைச் சொல்வதற்கு முன்பே குரூப்பைச் சொல்லிவிட்டாள்.

"எம்மா, நான் டவுண் ஸ்கூல்லதான் பிளஸ் ஒன். எலக்ட்ரிக்கல் குரூப்."

அந்தப் பள்ளியை நான் வெளியே இருந்து மட்டும் பார்த்திருக்கிறேன். ரத வீதிக்குப் பின்னால், துணிக்கடை குடோன்களுக்கு நடுவில், சந்துக்குள் ஒடுங்கி நிற்கிற சின்ன அரசுப் பள்ளி. பிளஸ் ஒன், பிளஸ் டூவில் தொழிற்கல்விப் பிரிவு உண்டு. மின்சாரம், தையல், அலுவலக வேலை இப்படி. இவள் படித்த பாளையங்கோட்டைப் பள்ளியிலிருந்து பிள்ளைகளை ஒரு நாள் அங்கே கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார்கள். அன்றைக்கு மனதில் விழுந்தது. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மாதக்கணக்கில் வைத்திருந்திருக்கிறாள்.

மதிப்பெண்ணும் மோசமில்லை. அறிவியல் குரூப்புக்குத் தாராளமாக இடம் கிடைக்கும். அதுதான் எனக்குப் பயம். கிடைக்காமல் போய்ச் சேருவது வேறு, கிடைப்பதை விட்டுவிட்டுப் போய்ச் சேருவது வேறு இல்லையா?

என் கணவர் தாலுகா ஆபீஸில் எழுத்தர். எந்தக் காகிதத்தையும் அடுத்த மேசைக்கு நகர்த்தத் தெரிந்தவர். "அவ ஆசப்படுதா. நீ டிகிரி படிச்சவ, போய்ப் பாத்திட்டு வா. நீ சரின்னா சரி" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார். தப்பாகப் போனால் நீதானே பார்த்தாய் என்பார். சொல்லமாட்டார்தான். ஆனால் நானே சொல்லிக்கொள்வேன்.

அவருடைய அக்கா, என் மதினி, திசையன்விளையிலிருந்து போனில் கூப்பிட்டாள். "ஏளா, பொம்பளப்பிள்ளைய கரண்டு கம்பத்துல ஏத்தப் போறியளோ?"

"கம்பத்துல எல்லாம் இல்ல மதினி. பாடம்தான்."

"பாடத்துல ஏறி, பொறவு கம்பத்துல ஏறுவா" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை.

ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரம், ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். என்னென்ன பார்க்க வேண்டும் என்று முந்தின நாளே இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். ஒரு பள்ளியை எடைபோட நான் யார் என்ற கேள்வி ஆற்றுப்பாலம் தாண்டும்வரை இருந்தது. பிறகு, என் பிள்ளை இரண்டு வருஷம் இருக்கப்போகிற இடம், நான் பார்க்காமல் யார் பார்ப்பது என்று தோன்றியது.

தலைமையாசிரியை நல்ல மாதிரி. நான் வந்த காரணத்தைச் சொன்னதும் முகம் சுளிக்கவில்லை. "தாராளமா சுத்திப் பாருங்கம்மா. இப்ப சாப்பாட்டு நேரம், கூட வர ஆள் இல்ல" என்றார். நான் தனியாகவே சுற்றினேன். குழாயைத் திறந்தேன், தண்ணீர் வந்தது. கழிப்பறைக் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்திப் பார்த்தேன். ஒன்றில் தாழ்ப்பாள் இல்லை. எழுதிக்கொண்டேன். வகுப்புகள் சின்னதுதான், ஆனால் வெளிச்சம் இருந்தது. அதையும் எழுதினேன்.

மின்சாரப் பிரிவின் பட்டறை கடைசியில் இருந்தது. ஆள் இல்லை. சுவரில் ஆறு மரப்பலகைகள். ஒவ்வொன்றிலும் சுவிட்ச், பல்பு மாட்டும் ஹோல்டர், ஓரத்தில் பியூஸ் பெட்டி. கிட்டப்போய்ப் பார்த்தேன். நாலு பலகையில் பியூஸ் கட்டையே இல்லை. கரண்டு வர வேண்டிய இடம் ஓட்டையாகக் கிடந்தது. இரண்டில் வயர் பாதி உரித்தபடி தொங்கியது. எங்கள் வீட்டில் ஒரு பியூஸ் போனால் அரை மணியில் ஆள் வந்து போடுகிறார். கரண்டைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கிற இடத்தில் பியூஸ் போட நாதியில்லையா?

நோட்டில் எழுதினேன்: "ஆறில் நாலு பலகையில் பியூஸ் இல்லை. பராமரிப்பு கிடையாது." இரண்டு தடவை அடிக்கோடு போட்டேன். உண்மையைச் சொன்னால் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் கையில் கிடைத்த நிம்மதி.

சாயந்திரம் மகளிடம் நோட்டைக் காட்டினேன். அவள் படித்துவிட்டு, "யாருட்டயாவது கேட்டியாம்மா?" என்றாள்.

"கேக்க என்ன இருக்கு? எனக்குக் கண்ணு இல்லையா?"

"நீ பூட்டுன கடையப் பாத்திட்டு, யாவாரமே இல்லன்னு சொல்லுத."

அவள் அழவில்லை. சண்டை போடவும் இல்லை. தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்துக் கழுவி வைத்துவிட்டு, அறிவியல் குரூப் விண்ணப்பத்தை அவளாகவே எடுத்து என் பக்கத்தில் வைத்தாள். பெயர், பிறந்த தேதி எல்லாம் பூர்த்தி செய்திருந்தாள். அவள் கையெழுத்து எப்போதும் இருப்பதைவிட நேராக இருந்தது. அது என்னமோ எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த இரண்டு நாளும் அந்த விண்ணப்பத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க ஏதாவது ஒரு தடை வந்துகொண்டிருந்தது. தடையை நான்தான் உண்டாக்குகிறேன் என்று மூன்றாம் நாள் புரிந்தது. திரும்ப டவுணுக்குப் போனேன். இந்தத் தடவை காலையில், செய்முறை வகுப்பு நடக்கிற நேரம் கேட்டுக்கொண்டு.

பட்டறைக்குள் பிளஸ் டூ பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர், ஆணும் பெண்ணுமாக. சேலைக்கு மேல் காக்கிக் கோட்டு போட்ட ஒரு டீச்சர். வாசலில் நின்ற என்னை, "வாங்கக்கா, இங்கன உக்காருங்க" என்று கூப்பிட்டு அவரே முக்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்கார்ந்ததும் கேட்டுவிட்டேன், கேட்காமல் விட்டால் தைரியம் போய்விடும் என்று.

"அன்னைக்கு மத்தியானம் வந்திருந்தேன் டீச்சர். பலகையில பியூஸே இல்லியே. அப்புறம் எப்படிச் சொல்லிக் கொடுக்கிய?"

டீச்சர் முதலில் என்னைப் பார்த்தார், பிறகு பிள்ளைகளைப் பார்த்தார். பலகைக்கு முன்னால் வயர் முறுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் திரும்பாமலே கோட்டுப் பைக்குள் கையை விட்டு, வெள்ளைப் பீங்கான் கட்டை ஒன்றை எடுத்துத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள். பக்கத்துப் பலகையில் இன்னொருத்தி. அந்தக் கோடியில் ஒரு பையன். பட்டறையே சிரித்தது.

"இது எம் பைக்குள்ள கிடக்க வரைக்கும் இந்தப் பலகைக்கு யாரும் கரண்டு குடுக்க முடியாதுல்லாக்கா" என்றாள் அந்தப் பெண். "வேல முடியலன்னா சாப்பிடப் போகும்போதும் கொண்டு போயிருவோம்."

"யார் வயர்ல கை வைக்கிறாங்களோ, பியூஸ் அவங்க பையில இருக்கணும்" என்றார் டீச்சர். "முதல் நாள் பாடமே அதான். என்னை நம்பாத, பக்கத்துல இருக்கவன நம்பாத, உம் பைய நம்புன்னு சொல்லுவேன்."

"அவ வீட்டுக்கே கொண்டு போயிட்டா டீச்சர்" என்று கோடியிலிருந்து அந்தப் பையன் குரல் கொடுத்தான். "அவங்கம்மா கோட்டோட சேத்து சோப்புத் தண்ணில ஊறப் போட்டுட்டாவ."

"போலே, நீ மட்டும் யோக்கியமா? டிபன் டப்பாக்குள்ள வச்சவன்தானே?" என்றாள் அந்தப் பெண்.

நான் அடிக்கோடு போட்டிருந்த பக்கம் மடியில் திறந்து கிடந்தது. மெல்ல மூடினேன். அன்றைக்கு அந்த நாலு ஓட்டைகளும் நாலு பிள்ளைகள் பத்திரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்ததற்கு அடையாளம். நான் அதைத்தான் பராமரிப்பு கிடையாது என்று எழுதியிருந்தேன்.

அதற்காக உடனே எல்லாம் சரி என்று ஆகிவிடவில்லை. என் சுபாவம் அப்படி இல்லை. இங்கே படித்து முடித்த பெண்பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று டீச்சரிடம் கேட்டேன். அவர் விரல் விட்டு எண்ணினார். சிலர் பாலிடெக்னிக்கில், நேராக இரண்டாம் வருஷத்தில். ஒருத்தி மோட்டார் கம்பெனியில். இரண்டு பேருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. "ஒருத்தி என்ன செய்யுதான்னே தெரியல. எல்லாரும் நல்லா இருக்காவன்னு சொன்னா பொய் சொன்னதாயிரும்க்கா" என்றார். மொத்தப் பிரிவுக்கும் ஓடுகிற மோட்டார் ஒன்றுதான் என்றும் சொன்னார். தன்னுடைய வேலையே வருஷா வருஷம் நீட்டிக்கிற வேலைதான் என்பதையும் கொஞ்சம் தயங்கிச் சொன்னார்.

நான் கேட்காததையும் சொன்னதால்தான், கேட்டதற்குச் சொன்ன பதிலை நம்ப முடிந்தது. திரும்பிப் போகும்போது கழிப்பறைத் தாழ்ப்பாளைப் பற்றித் தலைமையாசிரியையிடம் சொன்னேன். "பெற்றோர் கூட்டத்துல வந்து இப்படியே சொல்லுங்கம்மா" என்றார்.

வீட்டில் மகளிடம் நடந்ததை முழுக்கச் சொன்னேன். நான் எழுதியது தப்பு என்பதையும் சொன்னேன். அவள் ஜெயித்த மாதிரி முகம் காட்டுவாள் என்று நினைத்தேன். "ஒரு மோட்டார்தானா?" என்றாள், கவலையாக. அப்போதுதான் அவளும் இதைத் தீர யோசித்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது.

"யோசிச்சுக்கோ. அறிவியல் ஃபாரமும் அங்கன மேசையிலதான் இருக்கு."

ஒரு ராத்திரி அவகாசம் கேட்டாள். காலையில் பல் துலக்கிக்கொண்டே, "டவுண்தாம்மா" என்றாள்.

அன்றைக்கே போனோம். அலுவலகத்தில் கண்ணாடி போட்ட ஒரு அண்ணாச்சி விண்ணப்பத்தை நீட்டினார். பிரிவு என்ற இடம் வந்ததும் என் பேனா நின்றுவிட்டது.

"என்ன தாயி, பேனா எழுதலியா?"

"எழுதுது அண்ணாச்சி."

தாளை மகள் பக்கம் தள்ளினேன். அவள் குனிந்து பிரிவின் பெயரை எழுதினாள், வழக்கமான அவளுடைய கோணல் எழுத்தில். கீழே நான் கையெழுத்துப் போட்டேன். அவர் முத்திரையை அழுத்திவிட்டு, திங்கட்கிழமை ஒன்பதே காலுக்கு வந்துவிடச் சொன்னார்.

சந்துக்குள்ளிருந்து ரத வீதிக்கு வந்தபோது, "பயமா இருக்காம்மா?" என்று கேட்டாள்.

"ஆமாட்டி."

"எனக்கும்தான்" என்றாள். அதற்குள் பாளையங்கோட்டை பஸ் வளைவில் திரும்ப, என் கையை விட்டுவிட்டு இடம் பிடிக்க முன்னால் ஓடினாள்.