உயிருள்ள செல் என்ன சாப்பிடுகிறது?

நல்ல செய்தியோடு வந்திருக்கிறேன்!

பதிவு கொஞ்சம் நீளம். தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து உட்காருங்கள்.

என் கணவர் செல்வம் தம்புள்ளை பொருளாதார நிலையத்தில் மொத்த மரக்கறி வியாபாரி. அவர் விலை கூவினால் மெயின் ரோட்டில் போகிற பஸ்காரன் திரும்பிப் பார்ப்பான். (அலுவிகாரையில் எங்கள் வீட்டுக்குள்ளும் அதே சத்தம்தான்!)

நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிற டீச்சர்.

போன வருடம் ஒரு காலையில், கடையில் கோவா மரக்கறி மூட்டைகளுக்கு நடுவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மாரடைப்பு. இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்துக் காப்பாற்றினார்கள்.

ஆனால் இதயத் தசையில் ஒரு பகுதி செத்துவிட்டதாகவும், பம்பிங் குறைந்துவிட்டதாகவும் டொக்டர் சொன்னார். செத்த தசை திரும்ப வளராது என்றும் சொன்னார்.

அந்த ஒரு வார்த்தையில் மனுஷன் அப்படியே சுருங்கிப்போனார். கடைக்குப் போனாலும் கூவுவதில்லை.

பிறகு திடீரென்று ஒரு நாள் முகத்தில் வெளிச்சம்! நானும் சந்தோஷப்பட்டேன்.

கொஞ்ச நாளில் பார்த்தால், இரண்டு கணுக்காலும் வீங்கியிருக்கின்றன. படியேறினால் மூச்சு வாங்குகிறது.

"என்னங்க, மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?"

அலுமாரியைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்துக் காட்டினார். "ஸ்டெம் செல்" குளிகையாம். செத்த இதயத் தசையைத் திரும்ப முளைக்க வைக்குமாம். கடைக்கு வந்த ஒரு கூட்டாளி கொடுத்திருக்கிறார். அதோடு ஆஸ்பத்திரி மாத்திரை ஒத்துவராது, நிப்பாட்டு என்றும் சொல்லியிருக்கிறார். இவரும் நிப்பாட்டிவிட்டார்.

நான் கத்தினேன். அவரும் கத்தினார்.

"நீ படிச்சவதான் கலா. ஆனா இது திரும்ப வளரும்னு ஒரு ஆளாவது எனக்குச் சொன்னீங்களா? அவன் சொன்னான்!"

எனக்கு அழுகைதான் வந்தது. உடனே த்ரீவீலர் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

டொக்டர் ஏசவில்லை. மாத்திரைகளைத் திரும்பத் தொடங்கிவிட்டு, சிங்களத்தில் நிதானமாகப் பேசினார்.

"ஸ்டெம் செல் பொய்யில்லை. அதிலிருந்து ஆய்வுகூடத்தில் இதயத் தசை வளர்க்கிறார்கள். தட்டிலேயே அது துடிக்கும்! சில நாடுகளில் நோயாளிகளின் இதயத்தில் வைத்துச் சோதித்தும் பார்க்கிறார்கள். ஆனால் துடிப்பு தாறுமாறாகும் ஆபத்து இருக்கிறது, அதனால் இன்னும் ஆராய்ச்சிதான். விழுங்குகிற குளிகையில் அது வராது. விழுங்கினால் வயிறு செரித்துவிடும்."

வீக்கம் வடிந்தது. ஆனாலும் அந்தக் கூட்டாளி விடவில்லை. தம்புள்ளையில் ஒரு மண்டபத்தில் கூட்டம், பெரிய ஆள் வந்து விளக்குவார், வா என்று ஃபோனுக்கு மேல் ஃபோன்.

"போய்க் கேட்டுட்டு மட்டும் வருவோமே" என்றார் செல்வம்.

"நானும் வாறேன்" என்றேன்.

மண்டபம் நிறைய ஆட்கள். பாதிப் பேர் நோயாளிகள். மேடையில் கோட்டும் டையும் போட்ட ஒருவர். (அந்த வெயிலுக்கு அதுவே ஒரு வைத்தியப் பரிசோதனை!)

கேள்வி இருந்தால் கேட்கலாம் என்று மைக்கை நீட்டினார்கள். நான் வாங்கிக்கொண்டேன்.

"சேர், இந்தக் குளிகையில இருக்கிற செல் உயிரோட இருக்கா?"

"நூறு வீதம் உயிருள்ள செல், மேடம்!"

"அப்ப டப்பாவுக்குள்ள அது என்ன சாப்பிடுது?"

என் பக்கத்து நாற்காலியில் ஒரு சிரிப்பு வெடித்தது. செல்வம்! எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டேன்.

"ஃப்ரிட்ஜ்ல வைக்கணுமா சேர்?"

"தேவையில்ல மேடம், ரெண்டு வருஷம் அப்படியே இருக்கும்."

"அட, நான் விக்கிற கரட்டே ரெண்டு நாள்ல வாடிருதே!" என்றார் செல்வம்.

சனம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

"ஹார்ட் மாத்திரையை நிப்பாட்டச் சொல்லி என் வீட்டுக்காரருக்குச் சொன்னது யாரு சேர்?"

மைக்கைப் பறித்துவிட்டார்கள். பின் வரிசையில் ஒரு அம்மா மெதுவாகக் கையைத் தூக்கினார். "எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க மகள்."

அப்போதுதான் செல்வம் எழுந்தார். அவருக்கு எதற்கு மைக்?

"எல்லாரும் கேளுங்க! மாத்திரையை யாரும் நிப்பாட்டாதீங்க! நான் நிப்பாட்டி, கால் வீங்கி, மூச்சு விட முடியாம ஆஸ்பத்திரிக்குப் போனவன்!"

அதையே சிங்களத்திலும் ஒரு தடவை கூவினார். மேடையில் இருந்தவரின் ஸ்பீக்கர் தோற்றுப்போனது!

ஒருவர் எழுந்தார், பிறகு ஒரு குடும்பம், பிறகு வரிசை வரிசையாக. வாசலில் அந்த அம்மா செல்வத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்கே கிளினிக் போறேன் தம்பி" என்றார்.

அதன் பிறகு மாத்திரை தவறவில்லை. உப்பைக் குறைத்தோம். டொக்டர் சொன்னபடி தினமும் நடந்தார், நானும் கூடவே நடந்தேன்.

இன்று திரும்பவும் இதயத்தை ஸ்கேன் செய்தார்கள்.

டொக்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். "பம்பிங் நன்றாக ஏறியிருக்கிறது! செத்த இடம் அப்படியேதான். ஆனால் பக்கத்தில் சோர்ந்து கிடந்த தசை திரும்ப வேலை செய்யத் தொடங்கிவிட்டது."

செல்வம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கிவிட்டது. (தூசி விழுந்துவிட்டதாம்!)

"டொக்டர், அந்த உண்மையான ஸ்டெம் செல் வைத்தியம் வந்தா எனக்கு ஒரு கோல் எடுங்க."

"எடுக்கிறேன். அது வரும் வரைக்கும் இந்த இதயத்தைப் பத்திரமாக வைத்திருங்கள்."

ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டுவதற்குள் அம்மா, தங்கச்சி, கடைப் பையன்கள் எல்லாருக்கும் கோல் எடுத்து, ரோடே கேட்கும்படி சொல்லிவிட்டார். நான் அடக்கவில்லை. இன்றைக்குக் கத்தட்டும்!

உங்கள் வீட்டில் யாராவது சொல்லாமல் கொள்ளாமல் மாத்திரையை நிறுத்தியிருக்கிறார்களா? இன்றைக்கே கேளுங்கள். கேட்டுவிட்டு, ஏசாமல், அவர்களுக்கு என்ன பயம் என்பதையும் கேளுங்கள்.