தாயும் குழந்தையும் ஒரே ஆள்

அலுவலகத்தில் அவளுக்கு 'சந்தேகம்' என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். மென்பொருள் எழுதத் தொடங்கும் முன்பே அதன் வரைபடத்தில் ஓட்டை இருக்கிறதா என்று துருவிப் பார்ப்பதுதான் அவள் வேலை. சந்தேகப்படுவதே பிழைப்பாகிவிட்ட பிறகு கோபித்துக்கொண்டு என்ன ஆகப்போகிறது?

அதற்கு அவள் கையாளும் வழி ஆன்டாலஜி. பெயர்தான் மிரட்டும், விஷயம் நம் வீட்டு விஷயம். எது என்ன, எதற்கு எது என்ன உறவு என்று கணினிக்குச் சொல்லிவைப்பது. சித்தப்பா என்றால் அப்பாவுக்குத் தம்பி என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். பிறகு யாராவது சித்தப்பாவை அப்பாவுக்கு மூத்தவராக்கினால் கணினி விடாது.

மேலாளருக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. "இந்த ஆஸ்பத்திரி சாஃப்ட்வேர் டிசைன்ல உருப்படியா ஏதாவது கண்டுபிடிங்க. இல்லன்னா இதை மூட்டை கட்டிட்டு டெஸ்டிங்குக்குப் போயிடுங்க" என்று சொல்லிவிட்டார். ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கிய வேலை இது.

வரைபடத்தில் இருந்ததையெல்லாம் விதிகளாக எழுதிக் கணினியை ஓட்டினாள். அது சொன்ன முடிவு: தாயும் குழந்தையும் ஒரே ஆள்.

வரைபடம் போட்டவர் பக்கத்து மேசைக்காரர். எட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "நல்ல கம்ப்யூட்டர். பிரசவமே வேண்டாம்னு சொல்லுது." அவளுக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும்.

தன் பிழைதானோ என்று விதிகளைத் தோண்டினாள். ஒரு பக்கத்தில், ஒரு கட்டிலில் ஒரே நோயாளி. இன்னொரு பக்கத்தில், பிறந்த குழந்தையும் நோயாளி, அதற்குத் தாயின் கட்டில் எண். தனித்தனியே பார்த்தால் இரண்டும் தங்கம். சேர்த்துப் பார்த்த கணினியோ, கட்டில் ஒன்று என்றால் ஆளும் ஒன்றுதான் என்று முடிவு கட்டிவிட்டது.

அவள் கணவன் பிரசவ வார்டில் நர்ஸ். போன் போட்டாள்.

"ஏங்க, குழந்தையை எங்க படுக்க வைப்பீங்க?"

"அம்மா பக்கத்துலதான். உனக்கு இப்ப என்ன சந்தேகம்?"

"மருந்து கட்டில் நம்பரைப் பார்த்துக் குடுப்பீங்களா?"

"நல்லா கேட்ட. கையில கட்டியிருக்கிற டேக்கைப் பார்த்துத்தான். இல்லன்னா அம்மாவோட மாத்திரை குழந்தைக்கில்ல போகும்?"

மதியக் கூட்டத்தில் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "சார், அம்மாவுக்கு ஒரு வலி மாத்திரை எழுதுறோம். இந்த டிசைன் கட்டில் நம்பரை வச்சுத்தான் ஆளைத் தேடுது. மாத்திரை யார் பேர்ல ஏறும்?"

வரைபடக்காரர் சிரிப்பை விழுங்கிவிட்டுப் பென்சிலை எடுத்தார். "என் தப்புதான். நோயாளிக்குத் தனி அடையாளம் போட்டுடறேன்" என்றார். நல்ல மனிதர், வீம்பு பிடிக்கவில்லை. மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அடுத்த டிசைனும் முதல்ல உங்ககிட்டயே வரட்டும்."

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் விடுமுறை. விடிந்த பிறகும் மூன்று பேரும் எழுந்திருக்கவில்லை. நடுவில் மகள் கையையும் காலையும் பரப்பிக்கொண்டு கட்டிலையே வளைத்துப் போட்டிருந்தாள்.

"எங்க கம்ப்யூட்டரைக் கேட்டா, நாம மூணு பேரும் ஒரே ஆளுன்னு சொல்லும்" என்றாள் அவள்.

"சரியாத்தான சொல்லுது" என்றான் கணவன், விளிம்பில் தொங்கிக்கொண்டே. "கொஞ்சம் நகரு. அந்த ஒரே ஆள் கீழ விழப்போறான்."