பதினைந்தாம் நம்பர் கண்ணாடி

எனக்கு யாராவது எதையாவது சொல்லித் தர வந்தால் பிடிக்காது. அதிலும் நம்பரைப் பற்றிச் சொல்ல வந்தால் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். நூலை இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டிப் பார்த்தே இது அறுபது, இது எண்பது என்று சொல்லிவிடுகிறவன் நான். இளம்பிள்ளையில் நெசவுக்காரர்கள் பலருக்கும் அது கைவந்ததுதான். எனக்கு மட்டுமே வரும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்பு என் மனைவிக்குப் பார்வை மங்கத் தொடங்கியது. தறியில் உட்காருவது நான். தறியில் நீளவாட்டில் ஓடும் நூலான பாவு புதிதாக வந்தால் அதன் இழை ஒவ்வொன்றையும் தறியில் இருக்கும் பழைய இழையோடு முறுக்கிச் சேர்ப்பது அவள் வேலை. ஆயிரக்கணக்கான இழைகள். அவள் சேர்த்தது நெய்யும்போது விட்டுப்போனதாக எனக்கு நினைவில்லை. அந்தக் கை இப்போது இழையைத் தேடித் தடவ ஆரம்பித்திருந்தது.

என் அண்ணன் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "அம்மிணியத் தார் சுத்தச் சொல்லு. பாவுக்கு வேற ஆளப் பாத்துக்கலாம்" என்றார். குறுக்கு நூலைக் குச்சியில் சுற்றும் அந்தத் தார் வேலையைக் கண்ணை மூடிக்கொண்டுகூடச் செய்யலாம். அவர் போனார். பிறகு அவள் என்னிடம், "வெளிச்சம் மட்டும் இருந்தாப் போதுமுங்க. என்னையப் பாவுலிருந்து எந்திரிக்கச் சொல்லாதீங்க" என்றாள். கல்யாணமான நாளாக என்னிடம் எதையும் கேட்டவள் அல்ல அவள்.

மேற்குச் சுவரில் மூன்றடிச் சன்னல் ஒன்று இருந்தது. பலகைக் கதவு. திறந்தால் புழுதி எல்லாம் பாவின் மேல் விழும், மூடினால் இருட்டு. கண்ணாடி போட்டுவிடலாம் என்று சேலத்துக்குப் போனேன்.

"பதினஞ்சுங்களா, இருபத்தொண்ணுங்களா, முப்பத்திரண்டுங்களா?" என்று கேட்டார் கடைக்காரர்.

கண்ணாடிக்கும் நம்பர் உண்டு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். தெரியாது என்று காட்டிக்கொள்வேனா? விலையைக் கேட்டேன். நம்பர் ஏற ஏற விலையும் ஏறியது. நூல் கணக்கேதான் என்று முடிவு கட்டிவிட்டேன். நூலில் நம்பர் கூடினால் இழை சன்னம், விலையும் கூட. இருபதாம் நம்பர் முரடு. நூறாம் நம்பர் கண்ணுக்கே தெரியாது. அப்படியானால் ஆடிக் காற்றைத் தாங்கும் கெட்டிக் கண்ணாடி பதினைந்துதானே?

"பதினஞ்சு குடுங்க."

"சன்னலுக்குன்னு சொன்னீங்களே. இது சாமி படத்துக்குப் போடறதுங்க. முப்பத்திரண்டு வாங்கிக்குங்க."

விலை கூடியதை என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று எனக்குச் சுர்ரென்றது. "நா நெசவுக்காரனுங்க. நம்பர் எனக்குத் தெரியுமுங்க" என்றேன்.

"உங்க இஷ்டமுங்க" என்று அறுத்துக் கொடுத்தார். ஓரத்தைப் பார்த்தேன், ஒல்லியாகத்தான் இருந்தது. இதுவே இப்படி என்றால் முப்பத்திரண்டு வெங்காயச் சருகு மாதிரி அல்லவா இருக்கும், அதை வாங்குகிற ஏமாளிகளும் இருக்கிறார்களே என்று பரிதாபப்பட்டுக்கொண்டே வண்டி ஏறினேன்.

ஆசாரி வந்து சட்டத்தில் பொருத்திவிட்டுப் போன அன்று, பாவு முழுவதும் வெயில் படர்ந்தது. அவள் இழைகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "ஏனுங்க, காதோரமெல்லாம் நரச்சுப்போச்சே. எப்பலிருந்துங்க?" என்றாள். "நீ பாக்காத காலத்துலிருந்து" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். அந்தப் பாவை அவள் தடவாமல் சேர்த்து முடித்தாள்.

ஆடி பிறந்தது. காற்றில் கண்ணாடி கிணுகிணுவென்று அதிர்ந்தது. "பயமா இருக்குதுங்க" என்றாள். "கெட்டிக் கண்ணாடி அது. நீ பேசாம உக்காரு" என்று அதட்டினேன். அதட்டினது நான்தான், அதை மறைக்க விரும்பவில்லை. மறுநாள் மத்தியானம் ஒரே வீச்சில் கண்ணாடி உடைந்து அவள் மேலும் பாவின் மேலும் கொட்டியது. முகத்துக்கு ஒன்றும் இல்லை. இழை முறுக்கும் வலது கை ஆள்காட்டி விரலில் மட்டும் எலும்பு தெரிகிற அளவுக்கு வெட்டு.

வைத்தியர் கட்டுப் போட்டார். நான் ஒரு துண்டுக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு கடைக்காரரோடு சண்டைக்குப் போனேன். அவர் கோபிக்கவில்லை. நான் கொண்டுபோன துண்டை என் ஒரு கையிலும், அதே அளவு முப்பத்திரண்டாம் நம்பர்த் துண்டை என் மறு கையிலும் வைத்தார். முப்பத்திரண்டு இருந்த கை தானாகத் தாழ்ந்தது. "ஒரு சதுர அடிக் கண்ணாடி எத்தனை அவுன்ஸ் எடையோ, அதுதானுங்க நம்பரு" என்றார். நம்பர் கூடினால் கனம் கூடும். நான் தலை நிமிரவே இல்லை. முப்பத்திரண்டை வாங்கிக்கொண்டு வந்து மாட்டினேன். வீட்டில் காரணம் சொல்லவில்லை.

காயம் ஆறியது. விரல் நுனியில் உணர்ச்சி மட்டும் திரும்பவில்லை. அவள் சன்னல் பக்கமே வராமல் அடுப்படியில் இருந்தாள். அண்ணன் வேறு ஆளுக்குச் சொல்லியும் விட்டார். அடுத்த பாவு வந்த அன்று என்னால் தாங்க முடியவில்லை. அவள் முன்னால் உட்கார்ந்து, பதினைந்து கெட்டி என்று நான் நினைத்தது முதல் எல்லாவற்றையும் சொன்னேன். என் வீம்பால் உன் விரல் போயிற்று என்றும் சொன்னேன்.

"நானா இருந்தாலும் பதினஞ்சுதாங்க கேட்டிருப்பேன்" என்றாள்.

நான் வாய்விட்டு அழுதுவிட்டேன். பிறகு எழுந்து போய், வெளியே காற்று அடித்துக்கொண்டிருக்க, அவள் உட்காரும் இடத்தில் கண்ணாடியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். "பாரு, அசையறதே இல்ல" என்றேன்.

அவள் மெல்ல வந்தாள். இரண்டு இழைகளை எடுத்து, செத்த விரலை ஒதுக்கிவிட்டுக் கட்டைவிரலாலும் நடுவிரலாலும் முறுக்கினாள். இரண்டு தடவை நழுவியது. மூன்றாவது தடவை இழுத்துப் பார்த்தாள். நின்றது.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றாள். "வெளிச்சத்த மறைக்கறீங்க."