உறங்கா வாசலுக்கு வழி எது?

போன ஞாயிற்றுக்கிழமை செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, வெயிலுக்குத் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்கிறேன். ஒரு ஆட்டோ உரசுகிற மாதிரி வந்து நின்றது.

"கோட்டைக்கா மேடம்? உறங்கா வாசல் இருக்குற பக்கமா வுட்டுர்றேன், வாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் செஞ்சிக் கோட்டையில் உறங்கா வாசல் என்று ஒரு வாசலே கிடையாது. ராஜகிரி மலையிலும் இல்லை, கிருஷ்ணகிரி மலையிலும் இல்லை. அது இருப்பது ஒரே ஓர் இடத்தில்தான் — என் தோழி தேன்மொழி எழுதிய ஃபேன்டஸி நாவலில்!

"நீங்க அந்த வாசலைப் பாத்திருக்கீங்களா?" என்று மெல்லக் கேட்டேன்.

"நான் எங்க பாக்கறது? இப்ப மூடி வெச்சிருக்காங்க மேடம். விவரம் தெரிஞ்ச பெரியவரு ஒருத்தரு சொன்னாரு."

மூடிவிட்டார்களாமே... எழுதியவளுக்கே இந்த விஷயம் தெரியாதே! யார் அந்தப் பெரியவர் என்று கேட்பதற்குள் பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்துக் காதைக் கிழித்தது. "கோட்டைக்கு இல்லைங்க, கல்யாண மண்டபத்துக்கு" என்று ஏறி உட்கார்ந்தேன். அன்று அங்கே கல்யாணம் இல்லை. தேன்மொழியின் மூன்றாவது நாவல் வெளியீடு.

தேன்மொழியைப் பற்றி உங்களிடம் சொன்னதில்லை, இல்லையா? ஊர் சிங்கவரம். செஞ்சி கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். டாக்டர்களின் கையெழுத்தையே படித்துவிடுகிறவளுக்கு, மந்திரவாதிகளின் மொழியைக் கண்டுபிடிப்பதா கஷ்டம்? மாத்திரை எடுத்துக் கொடுக்கிற நேரம் போக மீதி நேரமெல்லாம் எழுத்துதான்.

அவள் கதையில் செஞ்சி மலைகளின் பாறைகள் உயிருள்ளவை. தூங்கும்போது புரண்டு படுக்கும். அந்த மலைகளை ஒரு தடவை பார்த்தவர்களுக்கு இதில் சந்தேகமே வராது. யாரோ கூடை கூடையாகக் கொண்டு வந்து கொட்டிவிட்டுப் போன மாதிரிதானே கிடக்கின்றன! அந்தப் பாறைகளுக்கு நடுவேதான் உறங்கா வாசல். பிறந்ததிலிருந்து ஒரு பொய்கூடச் சொல்லாத மனிதர் கை வைத்தால் மட்டும் அது திறக்கும்.

அப்படி ஒரு மனிதர் எங்கே கிடைப்பார் என்கிறீர்களா? தேன்மொழி வீட்டிலேயே இருக்கிறார். அவள் நைனா ஏழுமலை.

மல்லாட்டை வாங்க வந்த வியாபாரியிடம், "இந்த மூட்டையில சொத்தை இருக்குது, பாத்து எடு" என்று தானே சொல்கிறவர். (மல்லாட்டை என்றால் இந்தப் பக்கத்தில் வேர்க்கடலை.) மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், "எம்பொண்ணுக்கு சமையல் வராது, கோவம் மட்டும் நல்லா வரும்" என்று காபி வருவதற்கு முன்பே சொல்லிவிட்டவர். அந்தச் சம்பந்தம் என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள்.

அப்படிப்பட்டவருக்கு மகள் எழுதுவது பிடிக்குமா?

"இல்லாத ராசா, இல்லாத வாசலு... அத்தனையும் பொய்யி. இத யாரும்மா நம்புவாங்க?"

கோபமாகக்கூடச் சொல்ல மாட்டார். மழை வராது என்று சொல்வதைப் போல் சாதாரணமாகச் சொல்வார். தேன்மொழிக்கு அதுதான் உறைக்கும்.

அவள் வேலை செய்யும் விதமே தனி. விதைக்கு மல்லாட்டை உடைக்கிற சமயத்தில் அக்கம்பக்கத்துப் பெண்கள் அவர்கள் வீட்டு வாசலில் வட்டமாக உட்காருவார்கள். கை பாட்டுக்கு உடைத்துக்கொண்டே இருக்கும். தேன்மொழி எழுதியதைப் படித்துக் காட்டுவாள். உடைக்கிற சத்தம் நின்றால் அந்த அத்தியாயம் பாஸ். சத்தம் நிற்கவில்லையென்றால் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதுவாள். எத்தனையோ விமர்சகர்களைப் பார்த்திருக்கிறேன், இவ்வளவு கறாரானவர்களைப் பார்த்ததில்லை.

முதல் நாவலை அனுப்பியபோது சென்னைப் பதிப்பாளர் போன் செய்தார். "கதை பிரமாதம்மா. ஆனா செஞ்சி வேண்டாமே... டவுன் பஸ் போற ஊர்ல மந்திரம் நடந்தா யார் நம்புவாங்க? பனிமலை, பைன் காடுன்னு மாத்திடுங்க. உடனே போட்டுடலாம்."

அதே கேள்வி. யார் நம்புவாங்க? வீட்டில் நைனா, வெளியே பதிப்பாளர்.

முதல் புத்தகம் வர வேண்டுமே என்ற ஆசையில் தேன்மொழி மாற்றியும் பார்த்தாள். பனிப்புயல், அதில் விறைத்துச் சாகிற ஒரு வெள்ளைக் குதிரை. கண்ணில் நீர் வர எழுதி, மல்லாட்டைக் கூட்டத்தில் படித்தாள்.

டக்... டக்... டக்... சத்தம் நிற்கவே இல்லை.

"பனின்னா, நம்ம மார்கழிப் பனியா?" என்றாள் பக்கத்து வீட்டு பார்வதி. "அதுக்கா குதிர சாவுது? மேல ஒரு சாக்கப் போட்டுவுட்டா செரியாப் பூடுமே!"

தேன்மொழி பழைய அத்தியாயத்தை எடுத்தாள். பாறைகள் புரண்டு படுக்கிற அத்தியாயம். பாதியிலேயே சத்தம் நின்றுவிட்டது. பார்வதி தலையைத் தூக்கி மலையைப் பார்த்தாள்.

"அதான் பாத்தேன்... அந்தக் குண்டுக்கல்லு போன வருசம் இன்னும் தள்ளியில்ல இருந்துச்சி?"

வேறென்ன வேண்டும்? அன்றைக்கே பதிப்பாளருக்கு எழுதிவிட்டாள்: செஞ்சி இருந்தால் புத்தகம் இருக்கும், இல்லையென்றால் வேண்டாம். பல மாதம் பதிலே இல்லை. என்னோடு போனில் பேசும்போதெல்லாம், "என் கதை இதோட முடிஞ்சிடுச்சிக்கா" என்பாள். கடைசியில், "உங்க ரிஸ்க்" என்று முனகிக்கொண்டே பதிப்பாளர் புத்தகத்தைப் போட்டார்.

அப்புறம் நடந்ததுதான் விசேஷம். புத்தகம் நின்று நிதானமாக ஓடியது. காலேஜ் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் கொடுத்துப் படித்தார்கள். கையில் நாவலை வைத்துக்கொண்டு கோட்டை ஏற வந்தார்கள். இரண்டாவது வந்தது. இதோ, மூன்றாவது.

சென்னையில் வைக்கலாம் என்று பதிப்பாளர் சொன்ன வெளியீட்டை, செஞ்சியில்தான் என்று அடம்பிடித்துக் கொண்டு வந்தாள். காலி நாற்காலிகளைப் பார்த்துப் பேச வேண்டியிருக்குமோ என்ற பயத்தில் வரவேற்பாளர் மாதிரி வாசலிலேயே நின்றாள், பாவம்.

உட்கார இடமில்லை! புதுச்சேரியிலிருந்து, மதுரையிலிருந்து, எங்கெங்கிருந்தோ பிள்ளைகள். சாப்பாட்டுக் கூடத்திலிருந்து பெஞ்சுகளைத் தூக்கி வந்து போட்டார்கள். முதல் வரிசையில் மல்லாட்டைக் கூட்டம் பட்டுப்புடவையில். மேடையில் பதிப்பாளர் மைக்கைப் பிடித்து, "செஞ்சிதான் இந்தக் கதைக்கு உயிர்னு அன்னிக்கே சொன்னேன்" என்றார். தேன்மொழி என்னைப் பார்த்தாள். நான் விட்டத்தைப் பார்த்தேன். வெற்றிக்கு ஆயிரம் சொந்தக்காரர்கள் வரட்டுமே, நமக்கென்ன?

அவள் படித்து முடித்ததும் எழுந்த கைத்தட்டலில் என் கண் கலங்கிவிட்டது. மறைக்கவும் இல்லை.

கையெழுத்தெல்லாம் போட்டு முடித்த பிறகு இருவரும் பின்பக்கம் வந்தோம். கடைசி வரிசையில் ஏழுமலை தனியாக உட்கார்ந்திருந்தார். மூன்று நான்கு காலேஜ் பிள்ளைகள் அவரைச் சூழ்ந்து நின்றார்கள். அவர் யாரென்று அவர்களுக்குத் தெரியாது.

"ஐயா, நீங்க இந்த ஊர்தானே? உறங்கா வாசல் நிஜமாவே இருக்கா?"

தேன்மொழி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். என்ன சொல்வார் என்று இருவருக்குமே தெரியும். 'அதெல்லாம் எம்பொண்ணு வுட்ட கதை' என்பார். மனிதருக்குப் பொய் வராதே! மண்டபம் நிறைய வாங்கிய கைத்தட்டல், ஒரே வார்த்தையில் போய்விடும்.

ஏழுமலை தோள் துண்டைச் சரிசெய்தார்.

"இருக்குதுப்பா. ராஜகிரி மேல, வடக்கால. பாறை உருண்டு அடச்சிக்கிச்சின்னு இப்ப மூடி வெச்சிருக்காங்க. உள்ள ஒரே வௌவாலு. நான் சின்னப் புள்ளயில பாத்தது."

பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டுவிட்டு, கும்பிட்டுப் போனார்கள். ஆட்டோக்காரர் சொன்ன பெரியவர் யாரென்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

தேன்மொழி அவர் முன்னால் போய் நின்றாள். "நைனா... எத்தினி நாளா நடக்குது இது?"

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "மொத புக்கு வந்ததுலேர்ந்து யாராச்சும் வந்து கேட்டுக்கினேதான் இருக்காங்க. இல்லன்னு சொன்னா, எம்பொண்ணு பொய் சொல்லிட்டான்னு ஆயிடாது? அதான்..."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். "வௌவாலு நான் எழுதவே இல்லியே நைனா!"

"அடுத்த புக்குல எழுதிடு" என்றார், சர்வ சாதாரணமாக.

நியாயப்படி பார்த்தால் உறங்கா வாசல் இனி ஏழுமலைக்குத் திறக்கக் கூடாது. ஆனால் ஒன்று... அவருக்குத் திறக்காவிட்டால், அதெல்லாம் ஒரு வாசலா!